வழி விட்டான் ஐதர் அலி!

தோழா!

சென்ற வாரம் திருவண்ணாமலையில் பொதுக்கூட்டம். தேரடி வீதியில் திரண்டிருந்த மக்களிடம் முள்ளிவாய்க்காலின் இறுதி நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கொடி ஏந்தி வந்தவர்களுக்கு நேர்ந்த கதியைச் சொல்லத் தொடங்கிய வேளை, மேடைக்கு ஒரு துண்டுச்சீட்டு வந்தது. பெயர் இல்லை. கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

"தோற்றவனுக்கு ஏது தூதும் கொடியும்? முடிந்துபோன கதையை ஏன் இன்னும் முழக்கிக்கொண்டிருக்கிறீர்கள்?"

மணி பத்தை நெருங்கிவிட்டது. ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டிய நேரம். இரண்டொரு சொற்களில் விடை சொல்லி அமர்ந்தேன். ஆனால் அந்தச் சீட்டு என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. பேருந்தில் ஊர் திரும்பும்போதும் நெஞ்சைக் குத்திக்கொண்டே வந்தது. எழுதியவரைக் கொடியவர் என்று நான் கருதவில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்தவராக இருக்கலாம். கண்ணீரும் ஒரு கட்டத்தில் அலுத்துப் போகும் அல்லவா? அவருக்குத் தரவேண்டிய விடையைத்தான் இன்று உனக்கு எழுதுகிறேன். ஏனெனில், அந்தக் கேள்வி நாளை தேநீர்க் கடையில் உன்னிடமும் வரும், நீ தடுமாறலாகாது.

தோற்றவனுக்கு ஏது தூது என்று கேட்கிறார்! அதை எந்த மண்ணில் நின்று கேட்கிறார் என்பதுதான் எனக்கு வியப்பு. அண்ணாமலையின் மண் பக்திப் பாடல் மட்டும் கேட்ட மண்ணன்று, தோழா. பீரங்கி முழக்கமும் கேட்ட மண். 1767 செப்டம்பர் 3 ஆம் நாள் செங்கத்திலும், அதே மாதம் 26 ஆம் நாள் திருவண்ணாமலையிலும் ஒரு புறம் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலப் படை, மறுபுறம் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து நடத்திய பெரும்படை. வானளாவிய கோபுரங்களைச் சூழ்ந்த மதில், அந்நாளைய போர்களில் கோட்டை மதிலாகவும் பயன்பட்டது. 1780 ஜூலையில் கர்நாடகத்துச் சமவெளி மீது ஐதர் அலி வெள்ளமெனப் பாய்ந்தபோதும் செங்கம் கணவாய் வழியாகத்தான் இறங்கினான். ஊர்கள் எரிந்தன; வயல்கள் கரிந்தன; சென்னைக் கோட்டையின் அருகு வரை புகை எழுந்தது. செப்டம்பர் 10 ஆம் நாள் பொள்ளிலூரில் ஆங்கிலேயர் அதுவரை இந்தியாவில் காணாத தோல்வியைக் கண்டனர்.

இரக்கமற்ற போர். அந்த ஐதரை அன்பே உருவானவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனிடம் ஒரு பண்பு இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முந்திய ஆண்டு, 1779 இல், சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு ஒரு தூதரை ஐதரிடம் அனுப்பினார். தளபதியையா? இல்லை. துரைமகனையா? இல்லை. தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் என்பவரை! 1750 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். தமிழும் மராத்தியும் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர். அவர் பரப்ப வந்த மதத்தில் எனக்கு வேலையில்லை. அவர் சுமந்து சென்ற தூதில்தான் எனக்கு வேலை. இவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று ஐதர் அவரை நம்பினான். ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையில் அருகே அமர்த்திப் பேசினான். வழிச்செலவுக்கென்று ஐதர் தந்த பணத்தைக்கூடப் பாதிரியார் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. சென்னை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். முடிவில் அது ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போயிற்று.

தூதர் நேர்மையானவர். அவரை அனுப்பியவர்களோ? ஐதர் தன் பாதுகாப்பில் உள்ளது என்று அறிவித்திருந்த மாஹே துறைமுகத்தை அதே 1779 இல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டனர். நாவில் சமாதானம், கையில் சூறை! ஐதருக்குச் சினம் வராதா? வந்தது. அடுத்த ஆண்டே செங்கம் கணவாயில் பெரும்படை இறங்கியது. இங்கேதான் தோழா, நீ கூர்ந்து கவனிக்க வேண்டும். அனுப்பியவன் செய்த வஞ்சகத்துக்கு, வந்தவனைத் தண்டித்தானா ஐதர்? இல்லை! நாடே எரிந்துகொண்டிருந்தபோது, அந்தப் பாதிரியார் எங்கு வேண்டுமானாலும் தடையின்றிச் செல்லலாம், எவரும் அவரைத் தொடலாகாது என்று தன் படைத்தலைவர்களுக்கு ஆணை பிறப்பித்தான். அந்த ஆணை ஓலையோடு நிற்கவில்லை. இரவில் குளிர் காய்ந்துகொண்டு காவல் நிற்கும் கடைசிச் சிப்பாய் வரை போயிற்று. பகைவனின் படைவரிசைகளுக்கு ஊடே ஒரு மனிதர் நடமாடினார், உயிரோடு திரும்பினார்.

1782 டிசம்பரில் ஐதர் மறைந்தான். அடுத்த ஆண்டு, திப்புவிடம் பேச்சு நடத்தச் செல்லுமாறு சென்னை அரசு மீண்டும் அதே ஸ்வார்ட்சை அழைத்தது. சத்தியமங்கலம் வரை போனார். திப்புவின் ஆட்கள் தடுத்தனர்; உள்ளே விட மறுத்தனர்; திருப்பி அனுப்பினர். வழி கிடைக்கவில்லை, ஆனால் உயிர் போகவில்லை.

தந்தை வழி விட்டான். மகன் வழி மறுத்தான். இருவர் செய்ததும் போர்முறைக்கு உட்பட்டதே. இதிலிருந்து ஒரு நெறியை எடுத்துக்கொள், மனத்தில் பொறித்துக்கொள். தூதனை மறுக்கலாம், மாய்க்கலாகாது!

மறுக்கலாம், மாய்க்கலாகாது. தமிழன் இதைப் பாதிரியாரிடமும் கற்கவில்லை, பாரசீகத்திலும் படிக்கவில்லை. ஐதரின் படை இறங்கிய அதே செங்கம்தான், செங்கண்மா என்ற பெயரோடு சங்கத் தமிழில் வாழும் ஊர். அதை ஆண்ட நன்னனைப் பாடியதே 'மலைபடுகடாம்'. பெருங்கௌசிகனார் இயற்றிய 583 அடிகள். அது என்ன நூல்? ஆற்றுப்படை, அதாவது, வழி காட்டும் நூல்! எந்த மலைச்சாரலில் எப்படிப் போகவேண்டும், எங்கே வழுக்கும், எங்கே பொறிகள் உண்டு, நன்னனிடம் செல்லும் கூத்தர் என்று சொன்னால் எப்படி எந்த வீட்டுக் கதவும் திறக்கும், எப்படி உணவு வரும் என்றெல்லாம் அக்கறையோடு சொல்லும் நூல். வேந்தனின் பெயரே கடவுச்சீட்டு! ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மலைநாட்டில் இருந்த வழக்கம் இது.

புறநானூற்றைப் புரட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஔவை. பகையரசன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டி மிரட்டினான். ஔவையின் மீது கை வைத்தானில்லை. இன்னொரு காட்சி இன்னும் பொருத்தமானது. சோழர் இருவர்க்குள் போர். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த புலவன் இளந்தத்தனை ஒற்றன் என்று ஐயுற்று, கொல்லத் துணிந்தான் நெடுங்கிள்ளி. கோவூர்கிழார் குறுக்கே நின்றார். வாளேந்தியா? பாட்டேந்தி! ஓங்கிய வாள் உறைக்குள் போயிற்று, புலவன் பிழைத்தான். வள்ளுவரோ ஓர் அதிகாரமே எழுதினார். தூது என்பது 69 ஆம் அதிகாரம். உயிருக்கு முடிவு வருமென்றாலும் அஞ்சாதவனே தூதன் என்று தூதனுக்கு இலக்கணம் வகுத்தார்.

ஏன், இராமாயணத்தை எடுத்துக்கொள்! அந்தக் கதையை நாம் எந்தக் கண்ணோடு பார்ப்பவர் என்பது நாடறியும். இருக்கட்டும். அந்தக் கதையிலும், அரக்கன் என்று தூற்றப்பட்ட இலங்கை வேந்தன், தன் சோலையை அழித்துத் தன் மகனையும் கொன்ற அனுமனைக் கொல்லச் சொல்லிவிட்டு, 'தூதனைக் கொல்வது முறையன்று' என்று தம்பி எடுத்துரைத்ததும் ஆணையை மாற்றிக்கொண்டான். வாலில் தீ வைத்தான், உயிரை விட்டுவைத்தான். கற்பனை இலங்கையில் இருந்த நெறி, கண்ணெதிரே இருந்த இலங்கையில் இல்லாமற் போயிற்றே, தோழா!

பழங்கதை வேண்டாம், சட்டம் பேசு என்பாரும் உண்டு. பேசுவோம். 1907 ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 32 ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வெள்ளைக் கொடியோடு பேச வருபவனுக்கு ஊறு நேரலாகாது. அவனோடு வரும் ஊதுகுழல்காரனுக்கும், முரசறைவோனுக்கும், கொடி பிடிப்பவனுக்கும், மொழிபெயர்ப்பவனுக்கும்கூட ஊறு நேரலாகாது. 33 ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வருகிறவனை எல்லாச் சூழலிலும் வரவேற்றே தீரவேண்டும் என்ற கட்டாயம் தளபதிக்கு இல்லை. பார்த்தாயா! மறுக்கலாம், மாய்க்கலாகாது! சத்தியமங்கலத்தில் திப்புவின் ஆட்கள் செய்ததை, 124 ஆண்டுகள் கழித்து ஐரோப்பா சட்டமாக எழுதிற்று. அத்தோடு, படைக்கலம் வைத்துவிட்டுச் சரணடைபவனைக் கொல்லலாகாது என்பது இலங்கையும் ஒப்பமிட்ட 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் உயிர்நாடி.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, கடல் கடந்து ஈழத்துக்கு வா.

1987 ஜூலை. யாழ்ப்பாணத்துச் சுதுமலையில் இந்திய விமானப் படையின் உலங்கூர்திகள் இறங்கின. போர் நடந்துகொண்டிருந்த மண்ணிலிருந்து, புலிகளின் தலைவர் பிரபாகரன், இந்தியத் தூதரக அதிகாரியின் துணையோடு ஏற்றிச் செல்லப்பட்டார். சென்னை, அங்கிருந்து தில்லி. ஒப்பந்தம் ஜூலை 29 இல் கையெழுத்தாயிற்று. அந்த ஒப்பந்தம் நல்லதா, அதை ஏற்கச் செய்த விதம் முறையா என்ற வழக்கு வேறு. ஆனால் அழைத்துச் சென்ற தில்லி, ஆகஸ்டுத் தொடக்கத்தில் அவரை அவர் மண்ணிலேயே உயிரோடு இறக்கிவிட்டது. ஆகஸ்டு 4 ஆம் நாள் அதே சுதுமலையில் அவர் மக்கள்முன் பேசினார். வழி எடுத்துக் கொடுப்பது எப்படி என்பது தில்லிக்குத் தெரியும், இதை மறவாதே.

1998. புலிகளின் பேச்சாளர், அவர்கள் பக்கத்துத் தூதர் என்று உலகம் அறிந்த ஆண்டன் பாலசிங்கம், சிறுநீரகம் பழுதுற்று வன்னிக் காட்டில் சாவோடு போராடிக்கொண்டிருந்தார். மருத்துவத்துக்காக அவரை வெளியேற விடுங்கள் என்று நார்வே கேட்டது. சந்திரிகா அரசு நிபந்தனைகளை அடுக்கியது, புலிகள் ஏற்கவில்லை, வழி கிடைக்கவில்லை. 1999 சனவரியில் கடல்வழியே தப்பித்துச் சென்றுதான் அவர் உயிர் பிழைத்தார். நோயாளிக்கு வழி மறுப்பது அறமா என்று கேட்கலாம், நானும் கேட்பேன். ஆனால், வா என்று சொல்லிவிட்டுக் கொல்லவில்லை. மறுத்தார்கள், அவ்வளவே.

2002. பிப்ரவரி 22 இல் போர் நிறுத்த ஒப்பந்தம். மார்ச் மாதம், அதே பாலசிங்கம், இலண்டனிலிருந்து மாலத்தீவு வந்து, அங்கிருந்து நீரில் இறங்கும் விமானமேறி, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் வந்திறங்கினார்! மூன்று ஆண்டுகளுக்கு முன் காட்டுவழியே, கடல்வழியே மறைந்து போனவர், வானவழியே பகலில் வந்தார். விமானம் வல்லமை உள்ளதாகையாலா? ஆயிரம் துப்பாக்கிகள் கீழே இருந்தன, ஒன்றும் வெடிக்கவில்லை. ஏன்? கொழும்பில் கொடுத்த வாக்கு, கடைசிச் சிப்பாய் வரை போயிருந்தது! ஆகவே, இலங்கை அரசுக்கு வாக்கைக் காப்பாற்றத் தெரியாது என்று சொல்லாதே தோழா. தெரியும். வேண்டியபோது தெரியும்.

இனி, 2009.

மே மாதம் 17 ஆம் நாள். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே, முள்ளிவாய்க்காலின் கைப்பிடி அகல மணலில் போரின் கடைசி இரவு. புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் நடேசன். சமாதானச் செயலகத்தின் தலைவர் புலித்தேவன். இந்தப் புலித்தேவன் யார்? நார்வேயின் நடுவில், உலகத் தலைநகரங்களில், இலங்கை அமைச்சர்களோடு எதிரெதிரே மேசையில் அமர்ந்து பேசியவர். அவர்களின் முகம் அறியாத அதிகாரி கொழும்பில் இல்லை.

அவர்கள் செயற்கைக்கோள் தொலைபேசியில் யாரையெல்லாம் அழைத்தனர்? நார்வே அமைச்சர் எரிக் சோல்கைமின் தரப்பை. இலங்கை நாடாளுமன்ற உறுப்பினர் சந்திரநேருவை. இலண்டன் செய்தியாளர் மேரி கொல்வினை. கொல்வினுக்கு அந்தப் படைவரிசையின் கொடுமை தெரியும். 2001 ஏப்ரலில் வன்னியிலிருந்து அதைக் கடக்கையில், 'நான் செய்தியாளர்' என்று கத்திச் சொன்ன பின்னும் குண்டு வீசப்பட்டு இடக்கண்ணை இழந்தவர் அவர். அந்தக் கொல்வின், கொழும்பில் இருந்த ஐ.நா. பொதுச்செயலாளரின் அலுவலகத் தலைமை அதிகாரி விஜய் நம்பியாரைத் தொலைபேசியில் எழுப்பினார். இந்திய வெளியுறவுப் பணியிலிருந்து ஐ.நா. சென்றவர் நம்பியார். குடியரசுத் தலைவர் ராஜபக்சே உறுதியளித்திருக்கிறார், வெள்ளைக் கொடியை உயர்த்திப் பிடித்து வந்தால் போதும் என்று நம்பியார் சொன்னதாகக் கொல்வின் எழுதினார். இலங்கை வெளியுறவுச் செயலாளர் பாலித கோகன்ன இடையாளர் ஒருவருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியும் அதைத்தான் சொல்லிற்று: வெள்ளைக் கொடியோடு மெல்ல நடந்து வரட்டும், படையினர் சொல்வதைக் கேட்கட்டும். வாக்கு எதுவும் தரவில்லை, முறையைத்தான் சொன்னேன் என்பது அவர் பின்னர் தந்த விளக்கம்.

மே 18 விடிந்தது. கொடி உயர்ந்தது. நடந்தார்கள்.

பிணங்களாகக் கிடந்தார்கள்!

சொந்த ஆட்களே பின்னாலிருந்து சுட்டுவிட்டார்கள் என்றது கொழும்பு. அவர்கள் படையினரால் கொல்லப்பட்டிருக்கலாம் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. மேலும் விசாரணை வேண்டும் என்றது ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் 2015 ஆம் ஆண்டு அறிக்கை. அதே நாளில், அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்போடு வட்டுவாகல் பக்கம் படையினரிடம் சரணடைந்தவர்களின் நிலை என்ன? பெயர் கொடுத்துப் பேருந்தில் ஏறியதைக் கண்ட மனைவியர் இருக்கிறார்கள், ஏறியவர்கள் இல்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சிச் சாலையோரத்தில் அமர்ந்த தாய்மார், பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கிய கேள்வி இதுதான்: உங்கள் கையில் கொடுத்தோமே, எங்கே?

இப்போது சொல். ஐதர் செய்தது வழி விடல். திப்பு செய்தது வழி மறுத்தல். இது என்ன? வழி காட்டிக் கொல்லல்! முன்னிரண்டுக்கும் போர்முறையில் இடமுண்டு. மூன்றாவதற்கு எந்த நாட்டு நூலில் இடமுண்டு? காட்டட்டும், கைகட்டி நிற்கிறேன்.

"புலிகள் மட்டும் உத்தமர்களோ?" — இந்தக் கேள்வியும் வரும். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே; நேராக நின்று விடை சொல். உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. 1989 ஜூலை 13 இல் பேச வந்தோம் என்று சொல்லிக் கொழும்பில் அமிர்தலிங்கத்தின் வீட்டுக்குள் நுழைந்தவர்கள், அவரையும் யோகேஸ்வரனையும் சுட்டுக் கொன்றார்களே, அது தூதின் போர்வையைக் கிழித்த செயல். இறுதிப் போரில் மக்களை வெளியேற விடாது தடுத்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்று 2011 இல் ஐ.நா. வல்லுநர் குழு எழுதியதை மறைத்துவிட்டு நான் மேடை ஏறவில்லை. அதே குழுதான், அந்தப் போரில் 40,000 வரை பொதுமக்கள் மாண்டிருக்கக் கூடும் என்றும் எழுதியது. இரண்டையும் படி. குற்றம் செய்தவனை நீதிமன்றத்தில் நிறுத்து, வழக்காடு, தண்டி. மாஹேயை ஏமாற்றிப் பறித்த ஆங்கிலேயன் குற்றவாளி இல்லையா? அதற்காக ஸ்வார்ட்சின் தலையை ஐதர் கொய்தானா? எதிரியின் குற்றத்தைக் காட்டி வெள்ளைக் கொடியைச் சுடலாம் என்றால், உலகில் எந்தப் போரும் கடைசி மனிதன் சாகாமல் முடியாது. சரண் என்ற சொல்லே செத்துவிடும். கொடியைச் சுட்டவன் இருவரையோ இருநூறு பேரையோ மட்டும் கொல்லவில்லை. நாளை உலகின் ஏதோ ஒரு மூலையில், நம்பி எழுந்து நடக்கவிருப்பவனின் நம்பிக்கையையும் கொன்றான்.

யார் ஆணையிட்டார்? 2009 டிசம்பரில், இறுதிப் போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவே, பாதுகாப்புச் செயலாளர் கோத்தபய ராஜபக்சேயின் பெயரைச் சொன்னதாக ஒரு கொழும்பு வார ஏட்டில் செய்தி வந்தது. கோத்தபய மறுத்தார், பொன்சேகாவும் பின்னர் அதைத் திருத்திப் பேசினார். உண்மை எது? அறிய வேண்டிய நீதிமன்றம் என்ன செய்தது? கொடியைச் சுட்டவர் யார் என்று தேடவில்லை. சொன்னவருக்கு 2011 நவம்பரில் மூன்றாண்டுச் சிறை விதித்தது! 'வெள்ளைக் கொடி வழக்கு' என்றுதான் அதற்குப் பெயரே. வெள்ளைக் கொடிக்காக இலங்கையில் சிறை சென்றவர் ஒருவர் உண்டென்றால், அவர் அதைப் பற்றிப் பேசியவர்தான்!

நாடகம் எழுதுபவன் நான். அடுத்து வருவதை ஒரு காட்சியாக எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறான் என்று நீயே என்னைக் கடிந்திருப்பாய். 2022 ஜூலை. குடியரசுத் தலைவராகியிருந்த அதே கோத்தபயவை எதிர்த்துச் சிங்கள மக்களே கொழும்பில் பொங்கி எழுந்தனர். மாளிகையை விட்டு ஓடியவர், ஜூலை 13 விடியுமுன், விமானப் படையின் விமானத்தில் ஏறி மாலத்தீவு போனார், அங்கிருந்து சிங்கப்பூர், அங்கிருந்துதான் பதவி விலகல் கடிதம். பாதுகாப்பாக வழி விட்டார்கள்! பாலசிங்கம் பறந்து வந்த வான்வழியே, எதிர்த்திசையில் பறந்தார் அவர். அவரைச் சுட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்வேனா? சொல்லமாட்டேன், சொன்னால் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் பொய்யாகும். அவருக்குக் கிடைத்தது சரி. அது எவருக்கும் கிடைக்க வேண்டியது. மே 18 விடியலில் மணலில் நடந்தவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டியது.

இனி, நடுவில் நின்றவர்களைக் கேட்போம். 1948 செப்டம்பர் 17 இல் எருசலேம் நகரில் ஐ.நா.வின் நடுவர் பெர்னடோட் பிரபு சுட்டுக் கொல்லப்பட்டார். உடனே ஐ.நா. என்ன செய்தது? எங்கள் ஊழியருக்கு நேர்ந்த கேட்டுக்கு நாங்கள் இழப்பீடு கேட்கலாமா என்று உலக நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 1949 ஏப்ரலில் கேட்கலாம் என்ற கருத்துரையையும் பெற்றது. தன் தூதருக்காக நீதிமன்றம் ஏறிய ஐ.நா., தன் அதிகாரியின் வாய்வழியே சென்ற உறுதிமொழியை நம்பி நடந்தவர்களுக்காக எந்தப் படி ஏறியது? அன்றிரவு யார் யாரிடம் பேசினார், என்ன உறுதி கேட்டார், என்ன உறுதி பெற்றார் — முழுப் பதிவையும் உலகின் முன் வைக்கட்டும்!

தில்லியைக் கேட்போம். 1987 இல் உலங்கூர்தி இறக்கத் தெரிந்த தில்லிக்கு, 2009 இல் கொழும்பிடம் ஒரு சொல் உரக்கச் சொல்லத் தெரியவில்லை. கொடி சாய்ந்த ஒன்பதாம் நாள், 2009 மே 27 இல், ஜெனீவாவில் இலங்கைக்குப் பாராட்டுப் போன்ற தீர்மானம் வந்தது. ஆதரித்த 29 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று! 2012, 2013 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு கொதித்ததால் எதிர்த்து வாக்களித்தது. 2014, 2021, 2022 ஆம் ஆண்டுகளில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஒதுங்குவது நடுநிலையா, தோழா? கோவூர்கிழார் ஒதுங்கியிருந்தால் இளந்தத்தன் தலை உருண்டிருக்கும்.

நம்மையும் கேட்போம், அதைக் கேட்காமல் மற்றவர்களைக் கேட்க நமக்கு உரிமையில்லை. 2009 சனவரி 29 இல் முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்தான். மாணவர் கொதித்தெழுந்தனர், கல்லூரிகளைப் பூட்டினார்கள். அப்போது நானும் மாணவன். அந்தப் பூட்டைத் திறந்தபோது நான் திரும்பிப் போகவில்லை. அதற்காக நான் வருந்தியதில்லை; வருந்துவது வேறொன்றுக்காக. மே 13 இல் தமிழ்நாடு வாக்களித்தது. 16 இல் எண்ணினார்கள். வென்றவர் தெருவில் வெடி வெடித்தது. தோற்றவர் தெருவில் கணக்குப் பார்த்தார்கள். எல்லாக் கட்சிக் கொடியும் பறந்தது. அடுத்த இரண்டாம் நாள் விடியலில், அக்கரையில் உயர்ந்த கொடியை நாம் பார்க்கவில்லை. நானும் அன்று தொகுதிவாரியாக வாக்கு வித்தியாசம் எழுதிக்கொண்டிருந்தவன்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம். சொல்லாமலிருப்பது அதைவிட வெட்கம்.

ஆகவே, என்ன செய்யச் சொல்கிறேன்? ஆண்டுக்கு ஒரு நாள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மறுநாள் மறந்துவிடச் சொல்லவில்லை. வீரவசனம் பேசிக் கைதட்டல் வாங்கவும் சொல்லவில்லை. அதை என்னைப் போன்றவர்கள் போதுமான அளவு வாங்கியாயிற்று. ஆண்டையும் பெயரையும் சரியாகத் தெரிந்துகொள். மிகைப்படுத்தாதே, ஒரு பொய் கலந்தால் உண்மை முழுதும் பொய்யாகிவிடும். 2021 ஆம் ஆண்டு ஜெனீவாத் தீர்மானத்துக்குப் பின், சான்றுகளைத் திரட்டிக் காக்கும் பணியை ஐ.நா. அலுவலகம் தொடங்கியது. அந்தச் சான்றுகள் அலமாரியில் உறங்கலாகாது. சுயேச்சையான நீதிபதிகள் முன் போகவேண்டும். அதற்கு இந்தியா ஒதுங்காமல் கை தூக்க வேண்டும். உன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியானாலும் அவரிடம் இதைக் கேள், எழுதிக் கேள், விடை வரும்வரை கேள். நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே ஈழத்தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021 இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போ. கூட்டம் போடப் போகாதே, கேட்டுவரப் போ.

துண்டுச்சீட்டு எழுதிய அன்பருக்கு இப்போது விடை சொல்கிறேன்.

ஐயா! தோற்றவனுக்கு ஏது தூது என்று கேட்டீர்கள். தோற்றவனுக்குத்தான் தூது வேண்டும். வென்றவனுக்குத்தான் வாள் இருக்கிறதே! வெள்ளைக் கொடி வலியவன் கையில் உயர்வதில்லை. அது உயரும்போதெல்லாம் சோதனைக்கு ஆளாவது வலியவனின் சொல். அந்தச் சோதனையில், எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று சரித்திரம் சொல்லும் ஐதர் அலி தேறினான். ஐ.நா.வில் ஆசனமும், அரசியல் சட்டமும், வெளியுறவுச் செயலகமும், செயற்கைக்கோளும் வைத்திருந்த ஓர் அரசு தேறவில்லை. கதை முடிந்துவிட்டது என்கிறீர்கள். வாக்குக் கொடுத்தவர் யார், அது எந்தக் காவல் அரண் வரை போயிற்று, எங்கே நின்றது, அங்கே நிறுத்தியவர் யார் என்று தெரியும்வரை அது எப்படி முடியும்?

தோழா! அடுத்தமுறை செங்கம் சாலையில் போகும்போது, வண்டியைச் சற்றே நிறுத்து. அந்தக் கணவாயைப் பார். நன்னனின் கூத்தர் நடந்த வழி அது. ஐதரின் குதிரைப்படை இறங்கிய வழியும் அதுவே. பகைவனின் தூதரைத் தொடாதே என்ற ஆணை, பாசறை பாசறையாகக் கடைசிச் சிப்பாயின் காதுவரை போயிற்று என்பதை நினை. பிறகு கேள், முழங்கிக் கேள்:

முள்ளிவாய்க்காலில் அந்த ஆணை எங்கே நின்றது?

உன் தோழன்.